சர்க்கரை இல்லாத பாட்டில்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்திருந்தார். சுகாதார நர்ஸ் வேலையில் சேர்ந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லையாம். வீடு வீடாகப் போகும்போது ஜனங்கள் கேட்கிறார்களாம்: கடையில் விற்கிற எலுமிச்சை வாசனைத் தண்ணீர் நல்லதா, சர்க்கரை இல்லாத டயட் பானம் நல்லதா, இல்லை வெறும் தண்ணீர்தான் குடிக்க வேண்டுமா? "மேடம், சுருக்கமா ஒரு பதில் சொல்லிக் குடுங்க. எல்லா வீட்டுலயும் அதையே சொல்லிடறேன்" என்றார். எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். அவருக்கு மட்டும் எழுதுவதைவிட, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமே எழுதிவிடலாம் என்று பிறகு தோன்றியது.

சுருக்கமான பதில் இதுதான். வெறும் தண்ணீரே நல்லது, அது சுத்தமாக இருந்தால். வாசனைத் தண்ணீரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வாசனை மட்டும் இருக்கும். இன்னொன்றில் சர்க்கரையும் இருக்கும். தண்ணீர் என்று பெயர் போட்டிருப்பதால் ஜனங்கள் பின்பக்கத்து எழுத்தைப் படிப்பதில்லை. டயட் பானத்தில் சர்க்கரை கிடையாது, அதனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறாது. ஆனால் அதன் புளிப்பு பல்லை அரிக்கும், நாக்கு இனிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும், உடம்புக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. எப்போதாவது ஒரு கிளாஸ் குடிக்கலாம். தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்கக் கூடாது.

இந்தப் பதிலில் ஒரு தப்பும் இல்லை. நானும் இதைத்தான் சொன்னேன். சொன்ன பிறகு என்ன நடந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாநில எல்லையைத் தாண்டி, முதலமடைப் பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு துணை மையத்தில் நான் சுகாதார நர்ஸாக இருந்தேன். அப்போது எனக்கு ஓய்வு பெற ஒன்றரை வருடம் பாக்கி. என் பகுதியில் வேலுச்சாமி என்று ஒரு தோட்டக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், சொந்தமாக நாலு ஏக்கர் மா. சர்க்கரை நோய்க்குக் காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்வார். ஊசி போடுவது மனைவி சாந்தாமணி. என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் கற்றுக்கொடுத்து, ஒரே வாரத்தில் என்னைவிட நன்றாகப் போடக் கற்றுக்கொண்டவள்.

அந்த வருடம் பூ இறங்கிப் பிஞ்சு பிடித்த சமயத்திலிருந்து வேலுச்சாமிக்குச் சர்க்கரை குறையவே இல்லை. டாக்டர் ஒரு தடவை இன்சுலின் அளவைக் கூட்டினார். அடுத்த மாதமும் குறையவில்லை, மறுபடி கூட்டினார். ஒவ்வொரு தடவையும் டாக்டரும் நானும் கேட்டோம்: இனிப்பு சாப்பிடுகிறீர்களா? அவர் இல்லை என்றார். சொன்னது உண்மைதான். தோப்பு முழுக்கப் பழம் இருந்தும் ஒரு துண்டு வாயில் வைக்கமாட்டார். சாந்தாமணி விடவும் மாட்டாள்.

மார்ச் மாதம் ஒருநாள் மத்தியானம் அவர்கள் தோட்டத்து வழியாகப் போனேன். தோட்டத்துக் குடிசையான சாளைக்குள், மாங்காய்க் கூடைகளுக்குப் பக்கத்தில், ஒரு அட்டைப்பெட்டி நிறைய எலுமிச்சை வாசனைத் தண்ணீர் பாட்டில்கள் இருந்தன.

"இதென்னங்கண்ணா?" என்று கேட்டேன்.

"தண்ணிங்க. வெயிலுக்குக் குடிக்கறதுக்கு."

"ஒரு நாளைக்கு எத்தனை குடிப்பீங்க?"

"மூணு. காய் பறிக்கற நாள்ல நாலு ஆகுமுங்க. தண்ணி நெறையக் குடிக்கச் சொன்னீங்கல்ல?"

ஒரு பாட்டிலை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு பாட்டிலுக்குள் நாலைந்து ஸ்பூன் சர்க்கரை. நாலு பாட்டில் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் மூன்று மாதமாகத் தேடியது என் கையில் கிடைத்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்காமல் சொல்கிறேன்: பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் என் கண்ணைக் கட்டியது.

அந்த வாரமே அயல்கூட்டம் என்கிற மகளிர் குழுவின் பெண்களை அங்கன்வாடியில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். பெஞ்சின் மேல் மூன்று பாட்டில்களை வரிசையாக வைத்தேன். வெறும் தண்ணீருக்குக் கீழே சாக்பீஸால் ஒன்று என்று எழுதினேன். டயட் பானத்துக்கு இரண்டு. வாசனைத் தண்ணீருக்கு மூன்று. அந்த மூன்றாவது பாட்டிலில் உள்ள அளவு சர்க்கரையை ஒரு கிளாஸில் அளந்து கொட்டிக் காட்டினேன். பெண்கள் 'ஐயோ' என்றார்கள். சாந்தாமணி முன்வரிசையில் இருந்தாள். அவளைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "உங்க ஊட்டுக்காரருக்கு இது வெசம்."

அவள் வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டில்களை எல்லாம் வாய்க்காலில் கவிழ்த்துக் கொட்டினாள்.

இப்போது நீங்கள் ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள். தினமும் பதினைந்து ஸ்பூன் சர்க்கரை குடித்துக்கொண்டிருந்த மனிதருக்குத்தான் டாக்டர் இன்சுலினைக் கூட்டியிருந்தார். ஒரே நாளில் அந்தச் சர்க்கரை நின்றுவிட்டது. இன்சுலின் அளவு அப்படியே இருக்கிறது. இது நடந்த அன்றைக்கே நான் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த கிளினிக் நாளில் அவர் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தடுப்பூசிப் பதிவேடு முடிக்காமல் கிடந்தது. நேரமில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் சாந்தாமணி போன் செய்தாள். "சிஸ்டருங்க, இவிகளுக்கு பதினோரு மணிக்கெல்லாம் கை நடுங்குதுன்னு சொல்றாங்க. வேர்வையும் சாஸ்தியா வருது."

நான் அப்போது ஒரு வீட்டுத் திண்ணையில் குழந்தைக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே, "வெயில் அப்படி அடிக்குதும்மா. தண்ணி குடிக்கச் சொல்லு" என்றேன்.

"சரிங்க" என்று வைத்துவிட்டாள். அவள் சொன்ன இரண்டும் சர்க்கரை குறைவதற்கான அடையாளங்கள். பயிற்சியில் முதல் வாரமே படித்தது. வேறு யாராவது பரீட்சையில் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன்.

எட்டாம் நாள் மத்தியானம் மறுபடியும் அவளே கூப்பிட்டாள். ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு தடுப்பூசி முகாமில் இருந்தேன். இந்தத் தடவை அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"சிஸ்டருங்க, இவிக ஒரு மாதிரி பேசறாங்க. என்னையப் பாத்தே யாரு நீயிங்கறாங்க. மேலெல்லாம் தண்ணியா ஊத்துது."

"காலைல ஊசி போட்டியா?"

"போட்டனுங்க."

"என்ன சாப்பிட்டாரு?"

"ரெண்டு இட்லிங்க. லாரி வருதுன்னு பாதியில எந்திரிச்சு ஓடியாந்துட்டாரு. நான் இப்பத்தான் சோறு கொண்டாந்தேன்."

"குடிக்க ஏதாச்சும் குடுத்தியா?"

"குடுத்தனுங்க. நீங்க சொன்ன ரெண்டாம் நம்பர். ரெண்டு டம்ளர் குடுத்துப்போட்டேன். தெளியவே மாட்டீங்குது."

சாக்பீஸில் நான் எழுதிய எண் அது. சர்க்கரை குறைந்து தள்ளாடுகிறவருக்கு, சர்க்கரையே இல்லாத பானத்தை இரண்டு டம்ளர் கொடுத்திருக்கிறாள். நான் சொன்னபடி கொடுத்திருக்கிறாள்.

"சாந்தாமணி, உடனே சர்க்கரை குடு. சர்க்கரை இல்லைன்னா வெல்லம். எதாவது இனிப்பு."

"சக்கரையா? ஏனுங்க இப்படிச் சொல்றீங்க? நீங்கதானுங்க வெசம்னீங்க!"

"அது வேற, இது வேற. குடும்மா."

"ஊட்டுலயே சக்கரை இல்லீங்க. எல்லாத்தையும் அக்கட்டத் தூக்கி வீசிட்டேன்."

"மரத்தடில பழுத்து விழுந்த பழம் கிடக்குதா?"

"கிடக்குதுங்க. ஆனா பழம் குடுக்கமாட்டனுங்க. இத்தன வருசமா ஒரு துண்டு குடுத்ததில்ல. சக்கரை ஏறிப்போய்த்தான் இப்படிப் பேசறாரு. நான் குடுக்கமாட்டேன்."

வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆகும். அவருக்குப் பத்து நிமிடம் இருக்கிறதா என்று தெரியாது. அவளிடம் விளக்கிச் சொல்ல நேரமில்லை. அதட்டிப் பார்த்தேன், கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, அவளுக்குள் நானேதான் எனக்கு எதிராக நின்றுகொண்டிருந்தேன். அந்த வகுப்பில் பேசிய சிஸ்டரை அவள் நம்பினாள். போனில் பேசுகிற சிஸ்டரை நம்பவில்லை.

அப்போது என் வாயில் வந்ததைச் சொன்னேன். "சாந்தாமணி, நான் தப்பாச் சொல்லிப்போட்டேன். அன்னிக்கு நான் சொன்னது தப்பு. தப்பு என்னுது. இப்ப நான் சொல்றதைக் கேளு."

 "சொல்லுங்க" என்றாள்.

"அவரு பேரைச் சொல்லிக் கூப்பிடு. எச்சிலை முழுங்கச் சொல்லு. முழுங்கறாரா?"

"முழுங்கறாருங்க."

"நேரா உக்கார வை. படுக்க விடாதே. பழத்தைப் பிழிஞ்சு கொஞ்சம் கொஞ்சமா வாயில ஊத்து. முழுங்கினப்புறம் அடுத்தது. முழுங்காமப் போனா நிறுத்திடு."

முழுங்க முடியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். படித்தது ஞாபகம் வரவேண்டிய நேரம் அதுதான். எனக்கு வந்தது, அதற்காக யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வேலுச்சாமி ஒரு செந்தூர மாமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது புருவம் கிழிந்து ரத்தம் வழிந்திருந்தது. சாந்தாமணி வருவதற்கு முன்பே எங்கேயோ விழுந்திருக்கிறார். தாடையிலும் சட்டையிலும் மாம்பழச் சாறு. சாந்தாமணி கை முழுக்கச் சாறு வழிய, ஒரு பழத்தைப் பிழிந்து அவர் வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. முழுங்குங்க, முழுங்குங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மீட்டரில் பார்த்தேன். அவ்வளவு சாறு உள்ளே போன பிறகும், எழுபதுக்கு மேல் இருக்க வேண்டியது நாற்பத்தொன்றுதான். என் பையில் இருந்த குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தேன். மாங்காய் ஏற்ற வந்த ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டிரிப் ஏறி அரை மணி நேரத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, "லாரி போயிருச்சா?" என்பது.

உயிர் பிழைத்துவிட்டார். புருவத்தில் ஆறு தையல். இத்துடன் இது முடிந்திருந்தால் நான் இதை எழுதமாட்டேன்.

சாயங்காலம் வேலுச்சாமியின் அக்கா பொள்ளாச்சியிலிருந்து வந்தார். வார்டுக்கு வெளியே, எல்லோரும் போய் வருகிற வராந்தாவில், சாந்தாமணியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர தம்பிக்கு என்னத்தடீ குடுத்த? கலர் தண்ணிய வாங்கி ஊத்திக் கொல்லப் பாத்தியா? ஊசி போடத் தெரியும், அது தெரியும், இது தெரியும்னு மினுக்குனியே!"

சாந்தாமணி சுவரோடு ஒட்டி நின்றாள். காய்ந்த மாம்பழச் சாறு இன்னும் அவள் முழங்கையில் இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். 'சிஸ்டர் சொல்லித்தான் குடுத்தேன்' என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. கையில் டிரிப் சீட்டு இருந்தது. அதைப் படிப்பது போல நின்றேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன். என் வண்டி தோப்பிலேயே நின்றது. அந்த பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் பிழைத்துவிட்டார். குடும்பச் சண்டையில் நான் ஏன் தலையிட வேண்டும்? ஓய்வுக்கு ஒன்றரை வருடம்தான் இருக்கிறது, ஒரு மெமோ வந்தால் என்ன ஆவது? இப்படி ஒவ்வொன்றாக. எல்லாமே நியாயமாகத்தான் தோன்றியது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டாக்டர் அறைக்குப் போனேன். மலையாளி, என்னைவிட இருபது வயது சின்னவர். பாட்டிலைக் கண்டுபிடித்தது, சொல்லாமல் விட்டது, ஐந்தாம் நாள் போனில் வெயில் என்று சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"டோஸ் கூட்டினது நானாக்கும் சிஸ்டரே. ரெண்டு தடவை கூட்டினேன். ரெண்டு தடவையும் என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டேன். என்ன குடிக்கிறீங்கன்னு கேட்கலை." பேனாவை மறுபடி எடுத்து, "கேஸ் ஷீட்டுல நான் எழுதறேன். அந்த வீட்டுக்காரங்ககிட்ட யார் சொல்றது?" என்றார்.

"நான் சொல்றேன் சார்" என்றேன்.

வார்டில் மூன்று பேரும் இருந்தார்கள். வேலுச்சாமி கட்டிலில். அக்கா ஸ்டூலில். சாந்தாமணி கால்மாட்டில் நின்றிருந்தாள். நான் உட்காரவில்லை. "சாந்தாமணி பேர்ல தப்பு இல்லீங்க. அந்த ரெண்டாம் நம்பர் பாட்டில் நல்லதுன்னு சொன்னது நான். ஊசி அளவைக் குறைக்கணும்னு டாக்டர்கிட்டச் சொல்லாம விட்டதும் நான். கை நடுங்குதுன்னு அவ போன் பண்ணினப்ப, வெயில்னு சொன்னதும் நான். பழத்தைப் பிழிஞ்சு ஊத்தி அண்ணனைக் காப்பாத்தினது சாந்தாமணி" என்றேன்.

அக்கா எழுந்து நின்றார். அவர் பேசியதை எல்லாம் இங்கே எழுத வேண்டாம். இனி எங்க ஊட்டுப் படி ஏறாதீங்க என்பதுதான் அதில் மரியாதையான பேச்சு. பிறகு எழுத்தில் புகார் போனது. எனக்கு மெமோ வந்தது. நடந்ததை அப்படியே விளக்கமாக எழுதிக் கொடுத்தேன். அந்தத் தெருவில் சில வீடுகளில் பல மாதம் கதவு திறக்கவில்லை. அதெல்லாம் தாங்க முடியாத தண்டனை ஒன்றும் இல்லை.

அன்று வார்டில் வேலுச்சாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அக்கா மூச்சு வாங்க நிறுத்தியதும், "ஏனுங் சிஸ்டர்" என்றார். "தண்ணி குடி, தண்ணி குடிங்கறீங்க. எங்க தோட்டத்து போர் தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

இல்லை. எத்தனையோ தடவை அந்தத் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டிலில்தான் குடிப்பேன்.

"உப்புங்க. வாயில வெச்சா தொண்டைக்குள்ள எறங்காது. பைப்புல நல்ல தண்ணி வாரத்துக்கு ரெண்டு நாள் வருது, அது சோத்துக்கே பத்தமாட்டீங்குது. அதுக்காகத்தானுங்க அந்த எலுமிச்சத் தண்ணிய வாங்குனேன். அதையும் வேண்டாம்னீங்க. செரின்னு ரெண்டாவதுக்குப் போனேன். மொதலாவதுக்கு நான் எங்கிங்க போறது?"

பெஞ்சின் மேல் முதல் பாட்டிலை வைத்தபோது இதை நான் கேட்கவே இல்லை. வெறும் தண்ணீர்தான் நல்லது என்று சொல்கிற நீங்கள், அந்த வீட்டில் எந்தத் தண்ணீர் வருகிறது, எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, குடித்தால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். முடிந்தால் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பிறகு எண் போடுங்கள். இன்சுலின் போடுகிறவர் வீடு என்றால், அவர் குடிப்பதில் எதை மாற்றச் சொன்னாலும் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். கை நடுங்கினால் என்ன கொடுக்க வேண்டும் என்பதை, எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லும்போதே சேர்த்துச் சொல்லுங்கள்.

டாக்டர் அன்றைக்கே ஊசி அளவைக் குறைத்தார். பைப் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, சீரகம் போட்டுக் காய்ச்சி, தோட்டத்துக்கு எடுத்துப்போவது என்று சாந்தாமணியே சொன்னாள். சட்டைப் பையில் எப்போதும் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ள வேலுச்சாமி ஒப்புக்கொண்டார். எனக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே அதிகம் மிச்சமில்லை. கிளம்பினேன்.

சாந்தாமணி படிக்கட்டு வரை பின்னாலேயே வந்தாள். ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"நேத்தே சொல்லியிருக்கலாமுங்க சிஸ்டர்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நாந்தான் கொல்லப் பாத்தேன்னு நெனச்சுட்டே விடிய விடிய உக்காந்திருந்தனுங்க."

சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

வேலுச்சாமி இன்றும் தோப்பு பார்க்கிறார். சாந்தாமணி எனக்கு இப்போதும் போன் செய்வாள். மீட்டரில் என்ன காட்டியது, டாக்டர் என்ன மாத்திரை மாற்றினார், எல்லாம் சொல்வாள், சந்தேகம் கேட்பாள். நானும் இப்போதெல்லாம் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுத்தான் பேசுகிறேன். அந்த ஓர் இரவைப் பற்றி மட்டும் அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.